எல்லைக்கு வெளியே ஒரு கல்லறை

2024 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை. தாயை அடக்கம் செய்வதற்கென்று பரோலில் விடுவிக்கப்பட்ட கிரி என்பவனை, தாயை அடக்கம் செய்ததற்காகவே அன்று மீண்டும் சிறையில் அடைத்தார்கள்.

தாய் லூர்துமேரி இறந்தது செகந்திராபாத்தின் மல்காஜ்கிரி ரயில்வே குடியிருப்பில். அந்தப் பகுதிக் காவல் நிலையத்தின் எல்லையைக் கிரி தாண்டக்கூடாது என்பது நிபந்தனை. குடும்பக் கல்லறையோ அல்வால் பக்கம் இருந்தது. கணவர் கிடக்கும் குழியிலேயே மனைவியையும் இறக்குவது அவர்கள் வழக்கம். பிணத்தை வைத்துக்கொண்டு எல்லைக்கோட்டை யார் நினைப்பார்கள்? கிரி சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தான். முதல் பிடி மண் போட்டான். மாலையில் தவறாமல் கையெழுத்திடக் காவல் நிலையம் போனான். சட்டையில் ஏது செம்மண் என்று கேட்டார்கள். உள்ளதைச் சொன்னான். விதிமீறல் என்று எழுதிவிட்டார்கள்.

அந்தக் குறிப்பு நிலைத்துவிட்டால் அவனுடைய முன்விடுதலை கைநழுவிப் போகும். தங்கை ஜெஸ்ஸி கறுப்புச் சேலையை மாற்றாமலே மறுநாள் காலை சிறை அலுவலகத்துக்குப் புறப்பட்டாள்.

அங்கே அலுவலகக் கண்காணிப்பாளர் திருநாவுக்கரசு, தலைமுறை தலைமுறையாகச் செகந்திராபாத்தில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தவர்.

"நக்கோம்மா, வேணாம், என்கிட்ட அழாதே. ரூல்னா ரூல்தான்."

"நான் எங்க சார் அழுதேன்? கேள்விதான் கேக்குறேன். பரோல் எதுக்குக் குடுத்தீங்க?"

"அடக்கத்துக்கு."

"எங்க அடக்கம்னு யாராச்சும் கேட்டீங்களா?"

"அவன்ல பர்மிஷன் கேட்டிருக்கணும்!"

"ஹவ் சார், ஆமா, கேட்டிருக்கணும். நீங்க அந்த எல்லைக்குள்ள எங்கப்பா கல்லறையைக் காட்டுங்க. இல்லாட்டி ஸ்டேஷன் வாசல்லயே குழி தோண்டியிருக்கணுமா?"

பக்கத்து மேசைக்காரர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"வாய் ஜாஸ்தி உனக்கு."

"அண்ணன் உள்ள இருக்கான். அவனுக்கும் சேத்து நான்தானே பேசணும்?"

விதிமீறல் குறிப்பை நீக்கக் கோரி அவள் நீட்டிய மனுவை வாங்க மறுத்து, அடுத்த வாரம் வரச் சொன்னார். அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் சாப்பிடப் போனார், வந்தார், அவள் அசையவில்லை. அலுவலகம் அடைக்கும் வேளையில் எரிச்சலோடு கைநீட்டி வாங்கினார், படித்தார், குரல் தணிந்தது.

"மறுவிசாரணைக்கு அனுப்புறேன். முடிவு என் கையில இல்லம்மா."

"அனுப்புங்க சார். அங்கயும் வருவேன்."

குறிப்பு இன்னும் நீக்கப்படவில்லை. ஜெஸ்ஸியும் விடுவதாக இல்லை. வாசகரே, ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். உங்கள் ஊரில் ஒருவனுக்குப் பரோல் நிபந்தனை எழுதப்படும்போது, அவன் எங்கே போகவேண்டியிருக்கிறது என்பதை முதலில் கேட்கச் சொல்லுங்கள். கேட்காமல் எழுதினால், ஏன் என்று நீங்கள் கேளுங்கள்.