பதினோரு மணி நேரக் குரல்

...எரித்தாயிற்று, வீட்டை, அவள் படுத்த வலைத்தூளியை, கிழங்கு துருவும் பலகையைக்கூட, உன்னிடம் இருக்கும் அவள் குரல்தான் மிச்சம் என்று போனில் வந்த செய்தியில் அவன் சொன்னதை விஷாகா மூன்றாவது முறையாகக் கேட்டாள், சுகர் லேண்டின் அந்தப் பள்ளி வாசலில் பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளும் பிக்கப் லைன் ஒரு கார் நீளம் நகர்ந்து நின்றது, இன்னும் பதினைந்து கார்கள், ஜன்னலை இறக்கினாலும் புழுக்கம்... அமேசானின் கிளையாறு ஒன்றின் கரையில் நாற்பத்தெட்டே பேராக வாழும் எபாரோக்கள், இல்லை, இன்று முதல் நாற்பத்தேழு, ஆய்வுக்காக அங்கே இரண்டு வருஷம் இருந்தபோது பக்கத்துத் தூளியில் படுத்தவள், இவள் வயதுதான், பெயர்... வேண்டாம், செத்தவர் பெயரைச் சொன்னால் அவர் திரும்பிப் பார்ப்பார், வழி தப்பிவிடும் என்பார்கள், காலையில் செய்தி அனுப்பிய அவள் தம்பியும் சொல்லவில்லை, குரல் இருக்கும்வரை அக்கா இங்கேயே சுற்றுவாள், அவள் பிள்ளைக்கு ஜுரம் விடவில்லை என்றான் அவ்வளவுதான்.

இதையெல்லாம் தான் நம்புகிறோமா? அங்கே விடிந்ததும் யாரும் எழுந்துவிட மாட்டார்கள், படுத்தபடியே இரவு கண்ட கனவைச் சொல்ல வேண்டும், ஒருவர் கனவில் ஆறு கலங்கியிருந்தால் அன்று யாரும் மீன் பிடிக்கப் போவதில்லை, அவள் மட்டும் பாதிக் கனவை இட்டுக்கட்டித்தான் சொல்வாள், சொல்லி முடிப்பதற்குள் தானே சிரித்துவிடுவாள், ஆய்வுக்காகப் பதிவு செய்தது அந்தச் சிரிப்பெல்லாம் சேர்த்துப் பதினோரு மணி நேரம், கம்ப்யூட்டரில் இருந்ததைக் காலையிலேயே அழித்தாகிவிட்டது, இனி இந்த போன் மட்டும்... மத்தியானம் கணவன் மகாதேவன் ஆபீஸிலிருந்து கூப்பிட்டு, "டெலீட் பண்ணிடாத விஷா, ஒரு காப்பி வெச்சுக்கோ, அவங்களுக்கு எப்படித் தெரியப்போகுது?" என்றான், பாதியில் நிற்கும் எபாரோ மொழி அகராதிக்காகச் சொன்னான், தப்பாகச் சொல்லவில்லை, அவங்களுக்குத் தெரியாது, அவளுக்கு? "அப்புறம் பேசறேங்க" என்று வைத்துவிட்டாள். அடுத்த பனம்பழம் பழுக்கும்போது வந்துவிடுவேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியவள் இவள், ஆறு முறை பழுத்திருக்கும், கிரீன் கார்டு, பிரசவம், டேகேர், எல்லாமே உண்மையான காரணங்கள்தான், ஆனால் வருஷா வருஷம் தம்பி மூலம் அவள் கேட்டனுப்பியது ஒன்றே ஒன்று, உன் கனவில் நான் வருகிறேனா? வரவில்லை என்று எப்படிச் சொல்வது, அதனால் எதுவுமே சொல்லவில்லை.

முன்னால் ஒரே கார் மிச்சமிருந்தபோது கடைசியாக ஒரு தடவை ஓடவிட்டாள். சிரிப்பு கார் முழுக்க நிறைந்து ஜன்னல் வழியே வெளியே போயிற்று, நிரந்தரமாக அழிக்கவா என்று போன் கேட்டது, விரல் ஒரு கணம் நின்றது, அழுத்தினாள்.

கதவைத் திறந்து ஏறிய அனன்யா, பையைக்கூடக் கழற்றாமல், "அம்மா, ஹூ வாஸ் லாஃபிங்?" என்றாள்.

"என் ஃப்ரெண்டு கண்ணா."

"வாட்ஸ் ஹர் நேம்?"

"பெல்ட்டைப் போடு முதல்ல."

பின்னால் ஹார்ன் அடித்தார்கள், காரை நகர்த்தினாள், அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை, அதற்குப் பதில் மூச்சு இழுத்துவிட லேசாக இருந்தது, ஆறு வருஷமாக இல்லாத லேசு, இது எதனால் என்று முதலில் பிடிபடவில்லை, சிக்னலில் நின்றபோது பிடிபட்டது, இனி அங்கிருந்து யாரும் எதையும் கேட்டனுப்பப் போவதில்லை...