உப்புப் போடாத காரப்பொடி

பவுனம்மாளின் இருபது சீமைக்கோழிக் குஞ்சுகளில் ஐந்து செத்த மறுநாளே, மிச்சத்தை அள்ளிப்போகக் கூடையோடு வந்து நின்றார் கோழி ஆபீசர் தாமோதரன். கறிக்காக வளர்த்துப் பார்க்கச் சொல்லி, திருவொற்றியூர்க் குப்பத்துப் பவுனம்மாளுக்கும் எர்ணாவூர் ஃப்ளோராவுக்கும் ஆளுக்கு இருபது கொடுத்தவர் அவர்தான்.

"தீனிக்குக் கடலைப் பிண்ணாக்கும் தவிடும் குடுத்தேனே! மீனை யாரும்மா போடச் சொன்னது?"

"உன் தீனியத் தின்னு நெஞ்செலும்பு கத்தியாட்டம் நீட்டிக்கினு நின்னுச்சு சார். அதான் காரப்பொடின்ற சின்ன மீனக் காயவச்சு இடிச்சுப் போட்டேன்."

"பிண்ணாக்குலயே புரதச்சத்து போதுமான அளவு இருக்கு. மீன்தான் கொன்னுடுச்சு."

பவுனம்மாளுக்குச் சுருக்கென்றது. செத்த ஐந்தும் கடைசிவரை தண்ணீர்ச் சட்டியை விட்டு நகரவில்லை. ரொப்ப ரொப்பக் காலி செய்தன. உரலில் ஒட்டியிருந்த தூளை நக்கிப் பார்த்தாள். நாக்கு கரித்தது. மீனைக் காயப்போட உட்கார்ந்தால் குப்பத்துப் பெண்ணின் கை தானாக உப்பை அள்ளும். அன்றும் அள்ளியிருந்தது.

"மீனு கொல்லல சார். என் கை கொன்னுச்சு. உப்பு போட்டுட்டேன்."

"ஒத்துக்கிட்டே இல்ல? குஞ்சுகளைப் புடிச்சுப் போடு."

பவுனம்மாள் படகுத் துடுப்பை எடுத்து வேலி வாசலுக்குக் குறுக்கே போட்டாள்.

"தப்பு என்னுது. திருத்துறதும் நான்தான். ஒரு மாசம் குடு. இல்லாங்காட்டி இதத் தாண்டி வந்து நீயே புடிச்சுக்க."

தாமோதரன் துடுப்பைப் பார்த்தார். சத்தம் கேட்டு வெளியே வந்த பெண்களைப் பார்த்தார். கூடை காலியாகத் திரும்பியது.

மறுநாள் உப்பில்லாமல் மீனைப் பரப்பினாள். அடுத்த வீட்டு மங்கம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாடி இது, ஈக்குக் கல்யாண விருந்தா?"

"உன் மாப்ளைக்கா வறுக்கப்போறேன்? நவுருடி, வெய்யில மறைக்காத!"

பத்துக் கை பிண்ணாக்கும் தவிடும், ஒரு கை மீன் தூள். மூன்றே வாரத்தில் குஞ்சுகளின் நெஞ்சு திரண்டது. கடைசி வாரம் மீனை நிறுத்திவிட்டாள். கறியில் கவிச்சி அடித்தால் ஆபீசருக்குப் பேச வாய் கிடைத்துவிடுமே!

நிறுக்கும் நாளில் ஃப்ளோரா தன் கோழிகளோடு வந்தாள். பிண்ணாக்கும் தவிடும் மட்டுமே தின்ற அவை, பவுனம்மாளின் கோழிகளுக்குப் பக்கத்தில் புறா மாதிரி இருந்தன. தாமோதரன் தராசைத் தட்டித் தட்டி இரண்டு முறை நிறுத்தார். அவள் கோழியில் ஒன்றை அறுத்து வைத்த குழம்பில் ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, மென்று விழுங்கினார்.

"கால்நடை காலேஜுக்கு எழுதிக் கேட்டேன்மா. புரதத்துக்குள்ளயே பல சத்து சேர்ந்து இருக்காம். கடலைல குறையிறது மீன்ல இருக்காம்."

"உன் காலேஜுக்கு மின்னாடியே என் கோழி சொல்லிடுச்சு."

அவர் நோட்டைப் பிரித்தார்.

"எழுதிக்க. பத்துக்கு ஒரு கை மீனு. உப்பு ஆவாது. அஞ்சு செத்ததையும் எழுது, மறைக்காத."

'ஒரு மீனவப் பெண்ணின் முறை' என்று அவர் மேலே எழுதுவதை ஃப்ளோரா எட்டிப் பார்த்துப் படித்துக் காட்டினாள்.

"ஏன், எனக்குப் பேரு இல்லியா? சாவடிச்சப்ப மட்டும் பவுனம்மா, வளத்தப்போ யாரோ ஒருத்தியா? அடிச்சுட்டு எழுது சார்."

அவர் அடித்துவிட்டு அவள் பெயரை எழுதி முடிக்கும்வரை, அவள் மறுபடி எடுத்துப் போட்ட துடுப்பு வேலி வாசலுக்குக் குறுக்கேதான் கிடந்தது.