காதுக்காரருக்கு மூன்று மீட்டர்

காதுக்காரருக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. உதிரிபாகக் கடையின் ஷட்டர் ஏறுவதற்கு முன்பே வாசலில் போய் நின்றார். எதிர்ச்சாரிக்குப் போய் இரண்டு தடவை டீ குடித்தார். மூன்றாவது தடவையும் கிளம்பியபோது மச்சினன் சட்டையைப் பிடித்து நிறுத்தி, கடை எங்கேயும் ஓடிப்போகாது என்று சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் மலைக்கு லோடு ஏற்ற வேண்டும், அதற்குள் வண்டியில் மீட்டர்கள் ஏறியாக வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

காதுக்காரர் என்பது பட்டறைக்காரர்கள் வைத்த பெயர். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, இந்தப் பக்கம் போகிற வண்டியில் மூன்றாவது இன்ஜெக்டர் சரியில்லை என்று சொல்வார். கழற்றிப் பார்த்தால் மூன்றாவதாகத்தான் இருக்கும். இப்படி நாலைந்து தடவை நடந்த பிறகு பெற்றவர்கள் வைத்த பெயர் காணாமல் போய்விட்டது. இருபத்தாறு வருஷமாக ஸ்டீயரிங் பிடிக்கிறார். இப்போது இருப்பது ஒரு டீசல் பிக்கப். அதன் பின்னால் டிரெய்லர், டிரெய்லரின் மேல் மண் தோண்டுகிற சின்ன இயந்திரம். பிக்கப் அவருடையது, இயந்திரம் மச்சினனுடையது, அவர் மனைவியின் தம்பி. இவர் கொண்டுபோய் இறக்குவார், அவன் தோண்டுவான். பத்து வருஷமாகச் சண்டை இல்லாமல் ஓடுகிற கூட்டு.

மூன்று வாரத்துக்கு முன்னால் இயந்திரத்தை இழுத்துக்கொண்டு தனியாக மலையேறியபோது ஒன்று நடந்தது. இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்புகிற டர்போவின் ரப்பர் குழாய் வாய்பிளந்து, போகிறவர் வருகிறவர் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி சீறியிருக்கிறது. பின்னால் கரும்புகை. இவர் பாட்டுக்கு நாலு கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார். எதிரே வந்த லாரி டிரைவர் நடுரோட்டில் நிறுத்தி, இரண்டு கையையும் ஆட்டிக் காட்டிய பிறகுதான் ஓரம் கட்டினார். இன்ஜின் பிழைத்தது அதிர்ஷ்டம். ஆனால் மச்சினனிடம், சத்தம் லேசாக மாறியதுமே நிறுத்திவிட்டதாகச் சொல்லிவிட்டார். வாயிலிருந்து அது வந்த வேகம் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்தப் பயல் அதை அப்படியே நம்பி, மாமாவின் காது இல்லையென்றால் இன்ஜின் வெந்து போயிருக்கும் என்று பட்டறை பட்டறையாகப் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தான். அவன் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் இவர் பேச்சை மாற்றினார்.

காது மங்குகிறது என்று அவர் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. ஜன்னல் ஏற்றியிருந்தது, ரோடு மோசம், மனது எங்கேயோ இருந்தது என்று காரணம் வரிசையாக வைத்திருந்தார். வீட்டு அலாரம் கெட்டுப்போய்விட்டது என்றார். மனைவி இரண்டு தடவை பேட்டரி மாற்றிவிட்டு, அப்புறம் தானே அவரை உலுக்கி எழுப்ப ஆரம்பித்தாள். பேச்சு கேட்டது, ஹார்ன் கேட்டது, இன்ஜினின் கனத்த சத்தம் கேட்டது. அது போதாதா? இருந்தாலும் அந்த மலைக்குப் பிறகு அவருக்கு வண்டியில் உட்காரவே பயமாக இருந்தது. விஷயம் வெளியே தெரிந்தால் ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து வாங்கிவிடுவார்கள். அது போய்விட்டால் தான் யார் என்பதற்கு அவரிடம் வேறு பதில் கிடையாது. அதனால்தான் இந்த மீட்டர் யோசனை. காது தவறவிட்டதை முள் காட்டிக்கொடுக்கும் என்று கணக்குப் போட்டார்.

கடைக்காரர் மேஜை நிறைய எடுத்துப் போட்டார். எண் காட்டுகிறது, முள் காட்டுகிறது, போனில் பத்துப் பதினைந்து விவரத்தைக் கொட்டுகிறது. எண் வேண்டாம், படித்து முடிப்பதற்குள் வளைவு வந்துவிடும், முள் சாய்வதைக் கடைக்கண்ணால் பார்த்தால் போதும் என்று காதுக்காரர் பிடிவாதமாக இருந்தார். டர்போவின் காற்று அழுத்தத்துக்கு ஒன்று, இன்ஜின் விடுகிற புகையின் சூட்டுக்கு ஒன்று, கியர்பாக்ஸ் ஆயில் சூட்டுக்கு ஒன்று. சூடு எல்லை மீறினால் எச்சரிக்கிற வகையே நல்லது என்றார் கடைக்காரர். அதில் இரண்டு உண்டாம். சிவப்பு விளக்கு எரிவது ஒன்று, கீச்சென்று பஸ்ஸர் அடிப்பது ஒன்று.

விளக்கு என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் கடைக்காரர், "காதுக்காரருக்கு எதுக்கு லைட்டு?" என்று மச்சினனைப் பார்த்துக் கண்ணடித்தார். மச்சினன் பெருமையாகத் தலையாட்டினான். இந்த இரண்டு பேருக்கும் முன்னால் விளக்குப் பெட்டியை நோக்கிக் கை நீட்ட அவருக்கு மனம் வரவில்லை. கௌரவம் பெரிதல்லவா! பஸ்ஸர் வைத்ததையே எடுத்துக்கொண்டார்.

அங்கிருந்து போன பட்டறையில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒரு பெண். எந்த நேரமும் கொண்டையில் டெஸ்டரைச் செருகியிருப்பதால் அவளுக்கு டெஸ்டர் என்றே பெயர். கையில் எடுத்த வேலையைப் பாதியில் விடமாட்டாள், பக்கத்தில் நின்று தொணதொணப்பவரையும் விட்டுவைக்க மாட்டாள். காதுக்காரர் அன்று தொணதொணத்தார். புகைச்சூட்டின் சென்சரைப் பொருத்த, டர்போவுக்கு முன்னால் இருக்கிற இரும்பில் துளை போட வேண்டும் என்றதும் அவர் குறுக்கே வந்து நின்றார். நல்ல இரும்பை ஓட்டை போடுவானேன், டர்போவுக்குப் பின்னால் சைலன்ஸர் குழாயில் வைத்துவிடலாமே என்றார்.

"அங்க வச்சா நூறு நூத்தைம்பது டிகிரி குறைச்சுக் காட்டும்ணே. பொய் சொல்ற மீட்டருக்கு எதுக்கு இவ்வளவு பாடு?"

அவள் சும்மாதான் சொன்னாள். இவருக்குச் சுருக்கென்று தைத்தது. துளையே போடச் சொல்லிவிட்டார்.

டிரில் முனையில் கிரீஸை அப்பி, கொஞ்சம் துளைப்பதும் வெளியே எடுத்துத் துடைப்பதுமாக அவள் பொறுமையாக இறங்கினாள். இரும்புத்தூள் ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் டர்போவின் இறக்கை போய்விடும். பிறகு காந்தத்தை உள்ளே விட்டுத் துழாவினாள், சென்சரைத் திருக மரை எடுத்தாள், மறுபடி துழாவினாள். காதுக்காரர் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்போல வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். டயரை உதைத்துப் பார்த்தார். டிரெய்லர் கொக்கியை ஆட்டினார். தூள் ஒன்றும் விழவில்லையே என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்டார். ஆறாவது தடவை அவள் காந்தத்தை அவர் கையிலேயே கொடுத்து, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று தள்ளி நின்றாள். பார்த்தார். சுத்தமாக இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் முன்கண்ணாடி ஓரத்தில் மூன்று வட்டங்களும் வரிசையாக உட்கார்ந்தன. சாவியைத் திருப்பியதும் மூன்று முள்ளும் ஒன்றாக எழுந்து பழைய இடத்துக்குத் திரும்பின. காதுக்காரருக்கு மூன்று வாரத்தில் முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது. நாளைக்குத் தைரியமாக ஏறலாம்.

எச்சரிக்கையைச் சோதித்துவிடலாம் என்றாள் டெஸ்டர். நிஜத்தில் எழுநூறு டிகிரியில் வைக்க வேண்டிய எல்லையை, சோதனைக்காக இருநூற்று ஐம்பதில் வைத்தாள். ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருங்கள், பஸ்ஸர் அடித்ததும் ஓரத்துப் பொத்தானை அமுக்கி அதை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டு அவர் கதவருகே நின்றாள். பக்கத்து இருக்கையில் மச்சினன்.

காதுக்காரர் மிதித்தார். இன்ஜின் உறுமியது, முள் நகர்ந்தது. இருநூறு. இருநூற்று முப்பது. இருநூற்று ஐம்பதைத் தொட்டது. தாண்டியது. அவர் விரல் பொத்தானுக்குப் பக்கத்தில் காத்திருந்தது. இருநூற்று எண்பது ஆயிற்று.

"அடிக்கலயே. பஸ்ஸர் டப்பா பஸ்ஸர். நல்லா தலையில கட்டிட்டான் அந்தக் கடைக்காரன்."

திரும்பிப் பார்த்தார். டெஸ்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வண்டிக்கு அடியிலிருந்து மெக்கானிக் தலையை நீட்டி, என்ன ஆச்சு என்று கையை ஆட்டினான். மச்சினன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னடா எல்லாரும் முறைக்கிறீர்கள், வயரைச் சரியாக மாட்டாதது என் தப்பா என்று காதுக்காரர் எரிந்து விழுந்தார்.

மச்சினன் மெதுவாகக் கையை நீட்டி, அவர் விரலைத் தாண்டிப் போய்ப் பொத்தானை அமுக்கினான். டெஸ்டரின் முகச்சுளிப்பு மறைந்தது. மெக்கானிக் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். மூன்று பேர் முகத்திலும் ஏதோ ஒன்று ஒரே நேரத்தில் நின்றுபோனதை அவர் கண்ணால் பார்த்தார்.

காலை எடுத்தார். இன்ஜின் தணிந்தது. உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது, அவமானத்தில் காது மடல்கூடச் சுட்டது.

"இன்னொரு தடவை அடிக்க விடும்மா," என்றார்.

வேண்டாமே அண்ணே என்றாள் அவள். அவர் விடவில்லை. இன்ஜினை அணைக்கச் சொல்லி, எல்லையை இன்னும் கீழே இறக்கி, சாவியை மட்டும் திருப்பினாள். அவர் குனிந்து வலது காதை மீட்டரோடு ஒட்டி வைத்தார். விரல் நுனியில் பிளாஸ்டிக் அதிர்வது தெரிந்தது. சத்தம் இல்லை. தலையைத் திருப்பி இடது காதை வைத்தார். எங்கேயோ தொலைவில் ஒரு கொசு. அவ்வளவுதான்.

மச்சினன் பார்வையை விலக்கிக்கொண்டு, இதே விலையில் விளக்கு வைத்தது இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம் என்று பூசி மெழுகப் பார்த்தான். நல்ல பையன். அந்த நல்ல மனசுதான் காதுக்காரரை உடைத்தது.

"அன்னைக்கு மலையில ரப்பர் ஹோஸ் கிழிஞ்சது எனக்குக் கேக்கல மாப்ள. லாரிக்காரன்தான் கையைக் காட்டினான். நான் உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்." மீட்டரைக் காட்டினார். "லைட்டு போட்டா சூட்டுக்குச் சரி. வளைவுல எவனாவது கத்திக் கூப்பிட்டா எந்த லைட்டுடா எரியும்? நாளைக்கு நீ ஓட்டு."

அவன் ஏதேதோ சமாதானம் சொன்னான். அவர் இறங்கி முன்பக்கமாகச் சுற்றி வந்து அவனை இறங்கச் சொன்னார். பத்து வருஷத்தில் அந்தப் பக்கத்து இருக்கையில் அவர் உட்கார்ந்ததே இல்லை. வண்டி பட்டறை வாசலைத் தாண்டி ரோட்டில் ஏறியது. மச்சினன் கியரைத் தடவித் தடவிப் போட்டான். டிரெய்லர் இல்லாத வெற்று வண்டியை ஓட்டவே அவனுக்கு வேர்த்தது.

கொஞ்ச தூரம் போனதும் அவன் உதடுகள் அசைந்தன. காதுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். பேசுகிறான். நீளமாகவே பேசுகிறான். ஒரு வார்த்தைகூட வரவில்லை. இத்தனை வருஷம் அவன் இடது பக்கம் உட்கார்ந்து பேசினான், அதனால் பேச்சு கேட்டது. இப்போது வலது பக்கம் இருக்கிறான். ஜன்னலோரம் இருபத்தாறு வருஷம் காற்றும் இரைச்சலும் வாங்கிய காது அந்தப் பக்கம்தான். எத்தனை தூரம் போயிருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது.

வழக்கம்போலத் தலையை ஆட்டி, "ஆமாமா" என்று சமாளித்துவிடலாம். தலை பாதி ஆடியும் விட்டது. நிறுத்தினார். பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. அவன் தோளைத் தொட்டார்.

"மாப்ள, ஒண்ணும் கேக்கல. ஓரமா நிறுத்திட்டு, என் முகத்தைப் பார்த்து முதல்லேர்ந்து சொல்லு."