இரண்டாவது கிளட்ச்

எனக்குப் பொறுமை மருந்துக்குக்கூடக் கிடையாது. அப்படிப்பட்டவன் டிரைவிங் ஸ்கூல் நடத்துவதே கூத்துதான். கிளட்ச்சை முழுதாக அழுத்தாமல் யாராவது கியரைத் தள்ளி, அது கறக்கென்று கத்தினால் எனக்குப் பல் கூசிவிடும். பழகும் காரில் என் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. கியர் கத்துவதற்கு முன்பே என் கால் போய் அழுத்திவிடும்.

அண்ணிக்கும் அதைத்தான் செய்தேன். அண்ணன் ஏணியிலிருந்து விழுந்து, இடுப்பு உடைந்து, எட்டு மாதமாகப் படுக்கையில் கிடக்கிறார். எலும்பு ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் முடிந்தவர்களை வீட்டில் கொண்டுபோய் விடும் வேனுக்கு ஆள் தேடினார்கள். அந்த வேலையை நம்பித்தான் நாற்பத்தாறு வயதில் அண்ணி என்னிடம் வண்டி பழக வந்தார்.

"கியர் வெண்ணெய் மாதிரி விழுது தம்பி," என்பார்.

"உங்க கைராசி அண்ணி," என்பேன், காலைக் கிளட்ச்சில் வைத்துக்கொண்டே. என்ன வாய் எனக்கு!

லைசென்ஸ் டெஸ்ட்டில் அதிகாரி வெளியே நின்று பார்த்தார். அண்ணிக்குப் பக்கத்தில் நான். பாஸ். இங்கே பழகியவர்கள் யாரும் ஃபெயில் ஆனதில்லை என்று வாசலில் போர்டு வேறு மாட்டியிருக்கிறேன், வெட்கங்கெட்டவன்.

இன்று காலை ஆஸ்பத்திரியில் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். அவர்கள் வேனில் கிளட்ச் ஒன்றுதான். பின் சீட்டில், தலைமை நர்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. அண்ணி முதல் கியர் போட்டார். வேன் தூக்கிப்போட்டு நின்றது. மறுபடி எடுத்தார். இரண்டாவது கியர் கறக்கென்றது. கேட்டைத் தாண்டுவதற்குள் மூன்று முறை ஆஃப் ஆகிவிட்டது.

"அம்மா, இதுல வர்றவங்க முந்தாநேத்து தையல் போட்டவங்க. இப்படிக் குலுக்கினா தாங்குவாங்களா?" என்றார் நர்ஸ். கோபப்படக்கூட இல்லை.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஜன்னல் வழியே ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்ப எங்கள் காரில் ஏறினோம். வரும்போது அதை ஓட்டி வந்தது அண்ணிதான். அதாவது, நாங்கள் இருவரும். இப்போது அண்ணி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார்.

"உங்க பேரைக் கெடுத்துட்டேன் தம்பி. எவ்வளவு பாடுபட்டுச் சொல்லிக் கொடுத்தீங்க."

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கூனிக் குறுகிப் போனேன்.

"தப்பு உங்க மேல இல்ல அண்ணி. என் பக்கத்துக் கிளட்ச்ச நான் மிதிச்சிட்டு இருந்தேன்."

"அது ஆபத்துக்குன்னுதானே சொன்னீங்க? எப்பவாவது மிதிச்சீங்களா?"

"எப்பவும்."

குனிந்து என் காலடியைப் பார்த்தார்.

"அந்தப் பாலத்து ஏத்தத்துல, பின்னால லாரி நிக்க, வண்டி உருளாம எடுத்தேனே. அது?"

வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அண்ணி சொல்கிற கதை அது. கேட்டுவிட்டு அண்ணன் படுத்தபடியே கைதட்டினாராம்.

"அதுவும் நான்தான் அண்ணி."

அண்ணி அழவில்லை. திட்டவும் இல்லை.

"காலைத் தூக்கி சீட்டு மேல வைங்க."

"அண்ணி..."

"வைங்க தம்பி."

சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வண்டி குதித்து, நின்று, மறுபடி குதித்தது. சிக்னலில் இரண்டு முறை ஆஃப் ஆனது. ஹார்ன் சத்தம் காதைப் பிளந்தது. பஸ்ஸிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கூரைமேல் டிரைவிங் ஸ்கூல் போர்டு, உள்ளே சம்மணமிட்ட வாத்தியார். கியர் கத்தும்போதெல்லாம் என் கால் துடித்தது. முழங்காலை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டேன்.

வேறு தெரு வழியாகவும் வீட்டுக்குப் போகலாம். அண்ணி பாலத்துக்கே விட்டார். நடு ஏற்றத்தில் வண்டி ஆஃப் ஆனது. பின்னால் ஒரு பஸ் ஒட்டி நின்றது. அண்ணி சாவியைத் திருகினார். ஒரு சாண் பின்னால் உருண்டோம். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"கண்ணத் திறங்க தம்பி," என்றார் அண்ணி. "எனக்கு எவ்வளவு தெரியும்னு இப்பவாவது பாருங்க."