நாலாவது வார்த்தை

பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் முதல் வார்த்தையைப் பேசியது ராஜாக்கண்ணு. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் ஆளுக்கொன்றாகப் பேசுவது அந்த மலைச் சபையின் வழக்கம். மன்னிப்பைப் பற்றி அவன் பேசப் பேச முன்வரிசைப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். அவன் மனைவி நீலாவதிக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. இதே வாயால்தானே பெற்ற பிள்ளையிடம் அதையும் சொல்லியிருக்கிறான்.

முந்தின நாள்தான் ஜெயிலில் மகன் சுரேஷைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். கண்ணமங்கலம் ரோட்டில் ஒரு பெண்ணை இடித்துக் கொன்ற ஜீப்பை ஓட்டியது காண்ட்ராக்டர் சிவசங்கரின் மகன். சுரேஷ் அந்த வண்டியில் ஏறவே இல்லை. போலீஸ் போட்ட பொய்க்கேஸ் என்று நம்பி, இத்தனை நாளும் சபையோடு சேர்ந்து அழுது ஜெபித்திருந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவன் சொன்னான்: "அப்பாதாம்மா நான் ஓட்னேன்னு சொல்லச் சொல்லிச்சு." வீட்டில் வந்து கேட்டபோது ராஜாக்கண்ணு மறுக்கவில்லை. சபைக்குக் கட்டடம் கட்டித் தருவதாகச் சிவசங்கர் வாக்குக் கொடுத்திருக்கிறாராம். பிதாவே தன் ஒரே மகனை ஊருக்காகக் கொடுக்கவில்லையா என்றான். அந்த ஒரு வசனத்தைக் கேட்டுத்தான் அவள் ஞானஸ்நானமே எடுத்தாள். ஏமாற்றியது புருஷனா வசனமா என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

நாலாவது வார்த்தை அவளுடையது. என்னை ஏன் கைவிட்டீர் என்று சிலுவையில் மகன் பிதாவிடம் கேட்டது. பாஸ்டர் ஆனந்தன் கூப்பிட்டதும் எழுந்து நின்றாள்.

"எங்க மலையில சாமிக்கு ஆடு வெட்றதுக்கு முன்ன மஞ்சத்தண்ணி ஊத்துவோம். அது ஒடம்ப சிலுப்புனாத்தான் வெட்டலாம். சிலுப்பலன்னா அவுத்து வுட்ருவோம். இயேசு முந்துன நாளே தோட்டத்துல இந்தச் சாவு வேணாம்னு அழுதாரே பாஸ்டர். சிலுவையிலயும் ஏன்னுதான் கேட்டாரு. அவரு எங்க சிலுப்புனாரு?"

உமது சித்தப்படி ஆகட்டும் என்று அவர் ஒப்புக்கொடுத்ததைப் பாஸ்டர் மெதுவாக எடுத்துச் சொன்னார். உட்கார்ந்த இடத்திலிருந்தே ராஜாக்கண்ணு, "சுரேசும் சரின்னுதான் சொன்னான்" என்றான். சபை முழுக்கத் திரும்பி அவனைப் பார்த்தது.

"ஊத்திக்கினே இருந்தா, குளுருக்கு எந்த ஆடும் சிலுப்பும்" என்றாள் நீலாவதி.

கொடுத்தது பிதா இல்லை, பிடித்துக்கொடுத்தவர்கள்தான் பிதாவின் பேரைச் சொல்லிக்கொண்டார்கள் என்று அவளுக்கு அப்போதுதான் பட்டது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்து, ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்றாள். உள்ளே பாஸ்டர் ஐந்தாவது வார்த்தைக்கு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசல்வரை வந்த ராஜாக்கண்ணு செருப்பைத் தேடுகிறவன் போலக் குனிந்தான். நிமிரவே இல்லை.