லூப் இருந்த பக்கம்

டாக்டர் லோகநாயகி டார்ச்சை அணைத்தார். சந்தேகம் தீராதவராக மறுபடியும் போட்டுப் பார்த்தார். படுத்திருந்த எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. மூன்று மாதமாகத் தள்ளிப் போயிருந்தது. பிள்ளை உண்டாகாமலிருக்க லூப் வைத்துக்கொண்டவளுக்கு அது எப்படி என்றுதான் புரியவில்லை. எங்கேயோ கழன்று விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதை வைத்துக்கொண்டதே என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. சதுரங்கப்பட்டினத்தில் வலை நூல் கடை வைத்திருக்கும் பஷீருதீன், ஆண் பிள்ளைக்காகப் போகாத தர்கா இல்லை. சந்தோஷம் தாங்காமல் கடையைப் பூட்டிவிட்டுச் செங்கல்பட்டு வரை கூடவே வந்து வெளியே உட்கார்ந்திருந்தார். அவரிடம் சொல்லிவிடாதீர்கள் என்று டாக்டரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

"உங்க சம்சாரத்துக்குப் பொறப்புலயே கர்ப்பப்பை ரெண்டு. தனித்தனி வாய். ஒண்ணுல லூப் நூல் அப்படியே இருக்கு. குழந்தை இன்னொண்ணுல வளருது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷம் சோறு போட்டு வளர்த்த உடம்பு. எனக்கே தெரியாமல் உள்ளே இன்னொன்றை வைத்துக் குடித்தனம் நடத்தியிருக்கிறது. பாழாய்ப்போனது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா.

"ரெண்டும் சின்னது. குழந்தை திரும்ப இடம் பத்தாது. முன்னாடி பிறந்ததுங்க மாசத்துக்கு முன்னயே, கால் முதல்ல வந்திருக்குமே? இதுவும் அப்படி வரலாம். ஜாக்கிரதையா இருக்கணும்."

அப்படித்தான் வந்தன. மூத்தவள் பிழைத்தாள். அடுத்தவன் ஒரு பகல்கூட இருக்கவில்லை. குடம் தூக்கியே பிள்ளையைக் கொன்றுவிட்டாள் என்று மாமியார் தெருவெல்லாம் சொன்னார். நானும் அதை நம்பினேன். இன்னொன்றையும் புதைக்கத் தெம்பில்லாமல்தான் லூப் வைத்துக்கொள்ள நர்சம்மாவிடம் போனேன்.

என் வீட்டுக்காரர் டாக்டரைப் பார்க்கவில்லை. இரண்டு கர்ப்பப்பை என்றது அவர் காதில் ஏறியதாகவே தெரியவில்லை.

"இன்னா லூப்பு?" என்றார் என்னைப் பார்த்து.

டாக்டர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு மருந்துச் சீட்டு எழுத ஆரம்பித்தார்.

 பஸ் ஸ்டாண்டில் நின்றதும் வீட்டுக்காரர் என் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

"புள்ள செத்துப் பூட்டப்ப நா உன்ன ஒரு வார்த்த கேட்டனா, பதரு? அப்பறம் இன்னாத்துக்கு மறச்ச?"

"உங்க அம்மா கேட்டாங்க. நீங்க பக்கத்துலதான குந்திகினு இருந்தீங்க."

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ் வந்தது. படி உயரம். எப்போதும் என் கையைப் பிடித்து ஏற்றுவார். அன்று நான் ஏறும்போது, சாய்ந்தால் தாங்க, என் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றார். தொடவில்லை. அவரும் பின்னால் ஏறி, கண்டக்டர் விசில் கொடுத்த பிறகும் அந்தக் கை அங்கேயே இருந்தது.