வெளிச்சத்தை முழுங்காத மின்கலம்

பூச்சக்கா செய்த சூரிய மின்கலம் மூன்று நாளாக வெளிச்சத்தை வாயில் வைத்துக்கொண்டே இருந்தது; முழுங்கவில்லை. சோதனை விளக்கைப் போட்டால் அவ்வளவு வெளிச்சமும் உள்ளே போனது. பின்பக்கம் ஒரு துளி கசியவில்லை, முன்பக்கம் ஒரு துளி திரும்பவில்லை, மின்சாரம் மட்டும் வரவில்லை. விளக்கை அணைத்த பிறகும் அந்தக் கண்ணாடிச் சில்லு ஒரு பக்கம் லேசாக உப்பி, மஞ்சளாக, மேசைமேல் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தது. அங்கே அளவு எடுக்கும் வேலையில் இருந்தவர் அவள் கணவர். ஒரு புள்ளியைக்கூடக் கூட்டி எழுதத் தெரியாத மனிதர். பதிவேட்டில் ‘உள்ளே எல்லாம், வெளியே பூஜ்யம்’ என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார்.

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால், இரண்டாவது மாடியில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் அவள் பத்தொன்பது வருடமாகக் கண்ணாடிமேல் வெள்ளி பூசிக்கொண்டிருந்தாள். அதனால் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுபோய், எல்லோருக்கும் பூச்சக்கா ஆனாள். மின்கலம் தடியாக இருந்தால் வெளிச்சத்தைப் பிடித்துவிடும், ஆனால் விலை எகிறும். மெலிதாக இருந்தால் மலிவு, ஆனால் வெளிச்சம் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும். அதற்குத்தான் வெள்ளி. காற்றில்லாத பெட்டிக்குள் வெள்ளியை ஆவியாக்கிக் கண்ணாடியில் படியவைத்து, அடுப்பில் ஒரு மணி நேரம் சூடாக்கினால், எண்ணெய்ச் சட்டியில் விட்ட தண்ணீர்போல அது பிரிந்து பிரிந்து குட்டிக் குட்டி மணிகளாக நிற்கும். தலைமுடியின் குறுக்களவில் ஆயிரம் மணிகளை வரிசையாக நிறுத்தலாம். வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போக வந்த விருந்தாளியைக் கையைப் பிடித்துச் சமையலறைவரை இழுத்துக்கொண்டு போவது மாதிரி, அந்த மணிகள் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் இழுத்து உள்ளேயே சுற்றவிடும்.

வரும் வியாழக்கிழமை சோதனை. நூறு பங்கு வெளிச்சத்துக்குப் பதினைந்து பங்கு மின்சாரம் வராவிட்டால், பூச்சு அறையைப் பூட்டிப் பழைய நாற்காலிகளை அடுக்கப்போவதாக இயக்குநர் சொல்லியிருந்தார். நேரம் பார்த்து, வரவேண்டிய வெள்ளிக் குண்டுமணிகள் வழியில் எங்கோ மாட்டிக்கொண்டன. தூய்மைச் சீட்டு ஒட்டாத உலோகத்தைப் பெட்டிக்குள் விடாதவள் என்று பெயர் எடுத்திருந்த பூச்சக்கா, இந்தச் சில்லுக்காக வீட்டு அலமாரியிலிருந்து ஒரு வெள்ளிக் கரண்டியை எடுத்து வந்து, அதன் குழியை மட்டும் வெட்டி உள்ளே போட்டாள். கொஞ்சம் செம்பு கலந்தது என்று தெரியும். போனால் போகிறது என்று நினைத்தாள். மகளுக்கு மூன்று வயதுவரை சோறு ஊட்டிய கரண்டி அது.

அந்த மகள் ஒரு வாய் சோற்றை முழுங்க அரை மணி நேரம் எடுத்துக்கொண்டவள். வலது கன்னத்தில் அடக்கிக்கொண்டு, கெஞ்சினாலும் மிரட்டினாலும் வீட்டையே வேடிக்கை பார்ப்பாள். வளர்ந்து படிக்கப் போனவள், பாதியில் நிறுத்திவிட்டு லாரி ஓட்டப்போவதாக இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்து நின்றாள். ஆத்திரத்தில் பூச்சக்கா, “போ. போற எடத்துலேருந்து போன் பண்ணணும்னு ஒண்ணும் இல்ல” என்று சொல்லிவிட்டாள். மகள் போனாள்; போன் பண்ணவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ‘நல்லா இருக்கேன்’ என்று ஒரு வரி அனுப்புவாள். ‘சரி’ என்று இவள் பதில் போடுவாள். போட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பத்து தடவை படிப்பாள். மகள் என்றால் அவளுக்கு உயிர். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

சாப்பிட்டுத் திரும்பிய கணவர், உப்பியிருந்த சில்லைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். “இது நம்ம பொண்ணுதான், வேற யாரு” என்றார். மகளை முழுங்கவைக்கும் வித்தை அவர் கண்டுபிடித்ததுதான்: கேள்வி கேட்பது. பதில் சொல்லும் அவசரத்தில் முழுங்கிவிடுவாள். ஆனால் சும்மா கேட்டால் ஏமாற மாட்டாள். கேட்கிறவருக்கு நிஜமாகவே பதில் தெரியாமல் இருக்க வேண்டும். அவர் சில்லைப் பார்த்துக் குனிந்து, “என் மூக்குக்கண்ணாடிய எங்க வெச்சேன்?” என்று கேட்டார். கருவி ஒன்பதுக்கு ஏறியது. மூக்குக்கண்ணாடி கிடைக்கவில்லை. அன்று சாயங்காலம்வரை இருவரும் கேட்டுப் பார்த்ததில், பதிலைத் தெரிந்துகொள்ளும் ஆசை எவ்வளவோ அவ்வளவு மின்சாரம் என்பது தெளிவானது. பன்னிரண்டுக்கு மேல் போகவில்லை.

வியாழக்கிழமை பரிசோதகர்கள் இரண்டு பேர் வந்தார்கள். விஷயத்தைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, அச்சடித்த படிவத்திலிருந்து ஒரு கேள்வியைப் படித்தார்கள். பதில் படிவத்தின் மறுபக்கத்தில் இருந்ததால் பூஜ்யம் வந்தது. இயக்குநர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு மழை வருமா என்று கேட்டார். நான்கு வந்தது. கணவர் பூச்சக்காவைப் பார்த்தார். அவளுக்குப் புரிந்தது. பத்தொன்பது வருடம் வேலை செய்த அறை, எதிரே அறிமுகமில்லாத இரண்டு ஆண்கள், கூட இயக்குநர் வேறு. வெட்கத்தைவிட்டுச் சில்லின்மேல் குனிந்தாள்.

“என்மேல இன்னும் கோவமா இருக்கியாடி?” என்று கேட்டாள்.

இருபத்திரண்டு புள்ளி நான்கு. கணவர் மூன்று முறை சரிபார்த்து எழுதினார், கூட்டாமல் குறைக்காமல். சில்லு உப்பல் வடிந்து தட்டையானது. அதே நிமிடத்தில், எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் சாலையோரம் லாரியை நிறுத்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள், வலது கன்னத்தில் வெகுநேரமாக அடக்கியிருந்ததை முழுங்கினாள். பூச்சக்காவின் போன் அடித்தது.

“கோவமெல்லாம் இல்லம்மா. நீதான போன் பண்ண வேணாம்னு சொன்ன?”

“பொறந்ததுலேருந்து நான் சொன்னதுல இது ஒண்ணத்தான்டி நீ கேட்டிருக்க” என்று சொல்லிப் பூச்சக்கா அழுதாள். பரிசோதகர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு நாகரிகமாக ஜன்னலுக்கு வெளியே பணிமனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கரண்டியில் மிச்சமிருந்த கைப்பிடியில் நாற்பது சில்லுகள் தேறின. பிறகு, எந்த வீட்டுப் பிள்ளைக்கு ஊட்டிய வெள்ளிக் கரண்டியானாலும் போதும் என்று தெரிந்தது. ஜனங்கள் தாமாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள். இப்போது ஊரில் பாதிக் கூரைகளில் அந்த மின்கலம்தான். கையேட்டின் இரண்டாம் பக்கத்தில், தினமும் காலையில் பதில் தெரியாத கேள்வி ஒன்று கேட்கவும், மேகமூட்டமாக இருந்தால் இரண்டு கேட்கவும் என்று போட்டிருக்கிறது. ஏழு மணிக்குத் தெருவில் நடந்தால், மொட்டைமாடிகளிலிருந்து ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருப்பது காதில் விழும். யாரும் நின்று கவனிப்பதில்லை. மின்கலப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவது மகளின் லாரி. அவள் எந்தச் சாலையில் இருந்தாலும், பூச்சக்கா தினமும் மாடிக்குப் போய் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாள்: “சாப்பிட்டியா?” வீட்டுக்கு வேண்டிய மின்சாரம் அதிலேயே வந்துவிடுகிறது.